ஜப்பான் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ரெய்வா வருஷத்தைச் சரியா வர வைக்கிறது எப்படி

ஜப்பான்ல பேரரசர் மாறும்போது வருஷக் கணக்கோட பேரும் மாறும், 2019 மே 1ல ஹெய்சேய் போயி ரெய்வா வந்துச்சு. இப்படி எண்ணுற காலண்டருக்கு வாரெகின்னு பேரு, உங்க மெஷினுக்கு இந்த மாற்றம் தெரியுமான்னு மொதல்ல பாத்துடலாம். எக்செல்ல ஒரு காலி ஷீட்டைத் திறந்து ஒரு செல்லுல 2019/4/30ன்னு அடிங்க, அதுக்கு நேர் கீழ 2019/5/1ன்னு அடிங்க. ரெண்டையும் செலக்ட் பண்ணி கன்ட்ரோல் 1 அழுத்தி, தேதிங்கிற பகுதிக்குப் போயி, மொழியை ஜப்பானீஸ்னும் காலண்டர் வகையை வாரெகின்னும் மாத்தி ஓகே கொடுங்க. மேல ஹெய்சேய் 31, கீழ ரெய்வா 1ன்னு வந்துச்சுன்னா உங்க மெஷின் நல்லா இருக்கு, நீங்க நேரா ஃபைல்களைச் சரி பண்ற வேலைக்குப் போயிடலாம். ரெண்டுலயும் ஹெய்சேய் 31ன்னே நின்னுச்சுன்னா அந்த மெஷினுக்கு அப்டேட் இன்னும் போகலைன்னு அர்த்தம்.

2019ல முடிஞ்சுபோன விஷயத்தை இப்ப எதுக்கு எழுதுறேன்னு கேக்கலாம். நான் டோக்கியோவுல ஒரு சின்ன டிரேடிங் கம்பெனியில சிஸ்டம்ஸ் பாக்குறேன், இன்னைக்கும் மாசத்துக்கு ஒருதடவையாவது தப்பு வருஷம் போட்ட ஒரு பேப்பர் என் மேசைக்கு வந்துடுது. நெட் கனெக்ஷனே இல்லாம லேபிள் பிரின்டரோட மட்டும் பேசிட்டிருக்கிற பழைய பிசி, பதினஞ்சு வருஷமா காப்பி பண்ணிக் காப்பி பண்ணி ஓடிட்டிருக்கிற இன்வாய்ஸ் டெம்ப்ளேட், ரிட்டயர் ஆன யாரோ எழுதிட்டுப் போன மேக்ரோ, இதுலதான் பிரச்சனை ஒளிஞ்சிருக்கு. இங்க புதுசா வேலைக்கு வர்ற நம்ம பசங்களும் சரி, சென்னையில உக்காந்து ஜப்பான் கிளையன்ட் ஃபைல்களைப் பாக்குறவங்களும் சரி, மொதல் வாரத்துலயே இதுல மாட்டிக்கிறாங்க, அதனால எனக்குத் தெரிஞ்சதை ஒரே எடத்துல எழுதி வெச்சிடறேன்.

மொதல்ல கணக்கு. ஜப்பான்ல நாம எழுதுற ஆங்கில வருஷத்துக்கு செய்ரெகின்னு பேரு, பேரரசர் ஆட்சியை வெச்சு எண்ணுறது வாரெகி, அந்த யுகத்தோட பேருக்கு கெங்கோ. மெய்ஜி, தைஷோ, ஷோவா, ஹெய்சேய், ரெய்வா, இந்த அஞ்சுதான் ஆபீஸ் சாஃப்ட்வேருக்குத் தெரிஞ்சாகணும். ரெய்வா வருஷத்தோட 2018 கூட்டினா செய்ரெகி வந்துடும், ஹெய்சேய்க்கு 1988, ஷோவாவுக்கு 1925, தைஷோவுக்கு 1911, மெய்ஜிக்கு 1867. அதாவது ரெய்வா 7ன்னா 2025. இந்த அஞ்சு நம்பரை ஒரு சின்ன பேப்பர்ல எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டிக்கோங்க, நான் இன்னமும் ஒட்டித்தான் வெச்சிருக்கேன்.

யுகம் ஜனவரி ஒண்ணாந்தேதி மாறாதுங்கிறதுதான் இதுல பெரிய சிக்கல். ஷோவா 1989 ஜனவரி 7ஓட முடிஞ்சு ஹெய்சேய் மறுநாள் 8ஆம் தேதி ஆரம்பிச்சுது, ஹெய்சேய் 2019 ஏப்ரல் 30ஓட முடிஞ்சு மே 1 ரெய்வா ஆச்சு. அதனால 2019ங்கிற ஒரே வருஷத்துக்கு ரெண்டு பேரு இருக்கு, மொத நாலு மாசம் ஹெய்சேய் 31, மீதி எட்டு மாசம் ரெய்வா 1. வருஷத்தை மட்டும் பாத்து யுகப் பேரு போடற எந்த ஃபார்முலாவும் இங்க தப்பு பண்ணும், முழுத் தேதியையும் பாத்தே ஆகணும்.

இனி அப்டேட். வரிசை முக்கியம், மொதல்ல விண்டோஸ், அப்புறம் டாட்நெட் (பல புரோகிராம்கள் ஓடறதுக்கு அடியில வேணுங்கிற மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேர்), அப்புறம் ஆபீஸ். ஏன்னா யுகங்களோட பட்டியலை விண்டோஸ்தான் தன்கிட்ட வெச்சிருக்கு, ஆபீஸை மட்டும் அப்டேட் பண்ணிட்டு விண்டோஸை விட்டீங்கன்னா பாதி எடத்துல ரெய்வா வரும் பாதி எடத்துல வராது, அப்புறம் எது தப்புன்னே கண்டுபிடிக்க முடியாது. அப்டேட் போடறதுக்கு முன்னாடி முக்கியமான ஃபைல்களை வேற எடத்துல காப்பி எடுத்து வெச்சிடுங்க, சும்மா சொல்லல. புது யுகத்துக்காக 2018 நவம்பர்ல ஆபீஸ் 2010க்கு வந்த அப்டேட்டுனால ஆக்சஸ்ங்கிற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் மாதிரி புரோகிராம்கள் பாதியில நின்னுபோயி மைக்ரோசாஃப்ட்டே அதைத் திரும்ப வாங்கிக்கிச்சு. காலண்டர் அப்டேட்தானேன்னு நினைச்சா அது தொடற எடம் ரொம்ப ஆழம்.

அப்டேட் போட்டாச்சு, ரீஸ்டார்ட்டும் பண்ணியாச்சு, உண்மையிலேயே உள்ள போச்சான்னு பாக்க ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறங்க, விண்டோஸ் தன்னோட செட்டிங்கையெல்லாம் வெச்சிருக்கிற எடம்தான் ரெஜிஸ்ட்ரி. லோக்கல் மெஷின்ல ஆரம்பிச்சு சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், என்எல்எஸ், காலண்டர்ஸ், ஜாப்பனீஸ், ஈராஸ்னு ஒண்ணொண்ணா உள்ள போங்க. அங்க ஒவ்வொரு யுகத்துக்கும் ஒரு வரி இருக்கும், வரியோட பேரே ஆரம்பத் தேதிதான், 1989 01 08ன்னு ஒண்ணு, 2019 05 01ன்னு ஒண்ணு. அதுக்கு எதிர்ல நாலு துண்டு, அண்டர்ஸ்கோர் போட்டுப் பிரிச்சிருக்கும்: கான்ஜியில (ஜப்பான்ல எழுதுற சீன எழுத்து) முழுப் பேரு, மொத கான்ஜி மட்டும், ஆங்கிலத்துல முழுப் பேரு, ஆங்கிலத்துல ஒத்தை எழுத்து. ரெய்வாவுக்கு அந்த எழுத்து ஆர், ஹெய்சேய்க்கு எச், ஷோவாவுக்கு எஸ். 2019 வரி இருந்துச்சுன்னா விண்டோஸ் பக்கம் முடிஞ்சுது. நெட் இல்லாத மெஷின்னா அப்டேட் ஃபைலை வேற மெஷின்ல எறக்கி எடுத்துட்டுப் போயி போடறதுதான் சரியான வழி. ரெஜிஸ்ட்ரியில கையால ஒரு வரி சேத்தாலும் பல புரோகிராம்ல பேரு வர ஆரம்பிச்சிடும்தான், ஆனா ஃபான்ட்டும் ஆபீஸும் அதனால மாறாது, டெஸ்ட் மெஷின்ல மட்டும் அப்படிப் பண்ணிப் பாருங்க.

லிப்ரே ஆபீஸ் வெச்சிருக்கீங்கன்னா அதுக்குத் தன்னோட சொந்தப் பட்டியல் உள்ளேயே இருக்கு, விண்டோஸ்கிட்ட கேக்காது, அதனால புது வெர்ஷன் போட்டாலே போதும். ஜாவாவுல ஓடற அக்கவுன்டிங் சாஃப்ட்வேர், பேரோல் சாஃப்ட்வேர் இருந்துச்சுன்னா அதுவும் விண்டோஸைப் பாக்காது, ஜாவாவுக்குள்ளயே காலண்டர் இருக்கு. ஜாவா 8ல அப்டேட் 211, ஜாவா 11ல 11.0.3, இல்ல அதுக்கு மேல இருக்கணும், 2019 ஏப்ரல்ல வந்தது ரெண்டும். லினக்ஸ் சர்வர்ல ஜிலிப்சிங்கிற அடிப்படை லைப்ரரி 2.30 இல்ல அதுக்கு மேல. ஒரே ரிப்போர்ட்டை ஸ்கிரீன்ல பாத்தா ரெய்வா, சர்வர்ல இருந்து பிடிஎஃப்பா எறக்கினா ஹெய்சேய்ன்னு வந்துச்சுன்னா காரணம் இதுதான், ரெண்டும் வேற வேற பட்டியலைப் படிக்குது.

இதுவரைக்கும் சொன்னது சுலபமான பாதி, ஒரு மத்தியானத்துல முடிச்சிடலாம். நேரம் முழுக்க ஃபைல்களுக்குத்தான் போகும், அதை விளக்கமா சொல்றேன்.

எக்செல்ல தேதிங்கிறது உள்ளுக்குள்ள வெறும் நம்பர். 2019 மே 1ங்கிறது 43586. அந்த நம்பர் செல்லுல இருந்துச்சுன்னா அப்டேட் போட்ட உடனே அது தானாவே ரெய்வாவா மாறிடும், நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம். ஆனா யாராவது ஹெய்சேய் 31 வருஷம் 6 மாசம் 1 நாள்னு கான்ஜியில டெக்ஸ்ட்டா அடிச்சு வெச்சிருந்தா எந்த அப்டேட்டும் அதைத் தொடாது. கண்ணால பாத்தா ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க பக்கத்து காலம்ல, அதாவது நெடுவரிசையில, இஸ்நம்பர் ஃபார்முலா போட்டு கீழ வரைக்கும் இழுங்க, ஃபால்ஸ்னு வர்றதெல்லாம் டெக்ஸ்ட். அந்த டெக்ஸ்ட்டை டேட்வேல்யூ ஃபார்முலா வெச்சு நம்பரா மாத்தலாம், ஜப்பானீஸ் எக்செல்ல அது கெங்கோ போட்ட தேதியைப் புரிஞ்சுக்கும், ஹெய்சேய் 31 ஜூன் 1ன்னு இருந்தாக்கூட 2019 ஜூன் 1ன்னு சரியா எடுத்துக்கும். மாத்தின நம்பரை வேல்யூவா மட்டும் பேஸ்ட் பண்ணிட்டு வாரெகி ஃபார்மேட் போட்டுடுங்க.

அடுத்தது கஸ்டம் ஃபார்மேட், என்னை ரொம்ப அலைய வெச்சது இதுதான். எங்க ஆபீஸ் இன்வாய்ஸ்ல தேதி செல் உண்மையான தேதிதான், இஸ்நம்பர் ட்ரூன்னுதான் சொல்லுது, அப்டேட்டும் போட்டாச்சு, ஆனாலும் ஹெய்சேய் ஒண்ணுன்னு வருது. ஹெய்சேய் ஒண்ணுன்னா 1989! அரை நாள் முழிச்சப்புறம் கன்ட்ரோல் 1 அழுத்தி கஸ்டம்ல பாத்தா, யாரோ ஹெய்சேய்ங்கிற கான்ஜியை டபுள் கோட்ஸுக்குள்ள அப்படியே எழுதிட்டு, வருஷ நம்பருக்கு மட்டும் ஈங்கிற ஆங்கில எழுத்தைப் போட்டு வெச்சிருக்காங்க. ஈ ரெய்வாவுக்கு மாறி ஒண்ணுன்னு காட்டுது, பேரு மட்டும் கோட்ஸுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்குது. சரியான ஃபார்மேட் என்னன்னா ஜி மூணு தடவை, ஈ ஒரு தடவை, அப்புறம் வருஷத்துக்கான கான்ஜி, எம், மாசத்துக்கான கான்ஜி, டி, நாளுக்கான கான்ஜி. ஜி ஒண்ணு போட்டா ஆர்னு ஒத்தை ஆங்கில எழுத்து வரும், ரெண்டு போட்டா மொத கான்ஜி மட்டும், மூணு போட்டா முழுப் பேரு. ஈ ரெண்டு போட்டா 01ன்னு ரெண்டு இலக்கமா வரும். யுகத்தோட பேரை எங்கயும் கையால எழுதாதீங்க, ஜி எழுதுங்க, பேரை மெஷினே போட்டுக்கும்.

டெக்ஸ்ட் ஃபார்முலா உள்ளயும் இதே தப்பு இருக்கும், அதுக்கு கன்ட்ரோல் எஃப் போட்டு ஹெய்சேய் கான்ஜியைத் தேடுங்க, தேடற எடத்தை ஷீட்டுன்னு விடாம வொர்க்புக்னு மாத்துங்க, ஃபார்முலாவுக்குள்ள தேடச் சொல்லுங்க. கஸ்டம் ஃபார்மேட்டுக்குள்ள இருக்கிறது இந்தத் தேடல்ல சிக்காது, அதைத் தனியாதான் பாக்கணும். ஹெடர் ஃபூட்டர்ல இருக்கிறது, டெக்ஸ்ட் பாக்ஸ்ல இருக்கிறது, டிராப்டவுன் லிஸ்ட்டுல மெய்ஜி, தைஷோ, ஷோவா, ஹெய்சேய்க்கு எம் டி எஸ் எச்னு நாலே எழுத்தோட நின்னுபோனது, இதெல்லாமும் கையாலதான். மேக்ரோவுல கேஸ்னு வரிசையா எழுதி கடைசியில எல்ஸ்னா (மத்த எதுவா இருந்தாலும்) ஹெய்சேய்ன்னு முடிச்சிருப்பாங்க, அந்தக் காலத்துல அது சரிதான், ஹெய்சேய்க்கு அப்புறம் ஒண்ணு வரும்னு அன்னைக்கு யோசிக்கல. அந்த எல்லாத்தையும் எடுத்துட்டு ஃபார்மேட் ஃபங்ஷன்ல ஜி மூணு ஈ ஒண்ணு கொடுத்துடுங்க, ரீஜன் ஜப்பான்னு இருக்கிற விண்டோஸ்ல அது சரியா வேலை செய்யும்.

அவசரத்துல எல்லா ஹெய்சேயையும் ஃபைண்ட் ரீப்ளேஸ்ல ரெய்வா ஆக்கிடாதீங்க, தயவுசெஞ்சு. பொறந்த தேதி ஹெய்சேய் 5ன்னு இருக்கிறவங்க ரெய்வா 5ல பொறந்தவங்க ஆயிடுவாங்க. 2019 ஏப்ரல் 30 வரைக்கும் நடந்தது எல்லாம் எப்பவும் ஹெய்சேய்தான். அதே மாதிரி பழைய டிரைவிங் லைசென்ஸ்ல ஹெய்சேய் 35 வரை செல்லும்னு அச்சடிச்சிருந்தாங்க, அப்படி ஒரு வருஷமே வரலைன்னாலும் அது 2023ன்னு கணக்கு வெச்சு செல்லத்தான் செஞ்சுது. ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கிற அந்த மாதிரி காப்பியைப் பாத்து டேட்டா என்ட்ரி பண்றவங்க ஹெய்சேய் 35ன்னு அடிச்சா சாஃப்ட்வேர் அதை வேணாம்னு தள்ளக் கூடாது, வாங்கிக்கிட்டு 2023ன்னு சேவ் பண்ணணும். டாட்நெட்ல இந்த மாதிரி யுகம் தாண்டின வருஷத்தை ஏத்துக்கிறதா வேணாமான்னு ஒரு செட்டிங்கே இருக்கு, அப்டேட்டுக்கு அப்புறம் ஏத்துக்கிறதுதான் வழக்கமான நடத்தை, அதை அப்படியே விட்டுடுங்க.

டைப் பண்றதுல ஒரு பொறி இருக்கு. அக்கவுன்ட்ஸ்ல இருக்கிற ஒரு அம்மா முப்பது வருஷமா வாரெகியிலயே நினைக்கிறவங்க, பேமென்ட் தேதி ரெய்வா 3 ஜூலை 31ன்னு போட 3/7/31ன்னு அடிச்சாங்க. ஜப்பானீஸ் செட்டிங்ல எக்செல் அதை வருஷம், மாசம், நாள்னு எடுத்துக்கும், ஆனா மூணை 2003ன்னு எடுத்துக்கும். செல்லோட ஃபார்மேட் மாசமும் நாளும் மட்டும் காட்டற மாதிரி இருந்ததுனால 7/31ன்னு அழகா தெரிஞ்சுது, யாருக்கும் சந்தேகம் வரல. ஓவர்டியூ லிஸ்ட் எடுக்கும்போது அந்த ஒரு பில்லு பதினெட்டு வருஷ பாக்கின்னு மேல வந்து நின்னுச்சு. அடிக்கும்போது முன்னாடி ஆர் சேத்து ஆர்3/7/31ன்னு அடிச்சா சரியா 2021ன்னு போகும், அப்டேட் போட்ட மெஷின்ல மட்டும். போடாத மெஷின்ல அது டெக்ஸ்ட்டாவே நின்னுடும், எடது பக்கம் ஒட்டிக்கிட்டு நிக்கிறதை வெச்சுக் கண்டுபிடிக்கலாம். இதுக்கு நான் டேட்டா வேலிடேஷன் போட்டுட்டேன், பேமென்ட் தேதி காலம்ல 2019 மே 1க்கு முந்தின தேதி எதையும் வாங்காத மாதிரி, அன்னையிலேர்ந்து இந்தத் தப்பு வரல.

மொத வருஷத்தை 1ன்னு எழுதறதா கன்னென்னு எழுதறதான்னு அடுத்த கேள்வி வரும். ஜப்பான்ல ஒரு யுகத்தோட மொத வருஷத்தை ஒண்ணாம் வருஷம்னு சொல்ல மாட்டாங்க, கன்னென்னு ஆரம்ப வருஷமா சொல்லுவாங்க, அரசாங்க பேப்பர், சர்டிஃபிகேட், கல்யாணப் பத்திரிகை எல்லாத்துலயும் அப்படித்தான். எக்செல்ல தேதி ஃபார்மேட் பாக்ஸ்லயே, வாரெகி செலக்ட் பண்ணினதும் கன்னென்னு காட்டறதுக்கு ஒரு செக்பாக்ஸ் வரும், அதை டிக் பண்ணினா போதும். விண்டோஸ் முழுக்க மாத்தணும்னா முன்னாடி சொன்ன ஜாப்பனீஸ்ங்கிற ரெஜிஸ்ட்ரி ஃபோல்டர்ல இனிஷியல் ஈரா இயர்னு ஒரு வரி இருக்கு. என் கருத்து, வெளிய போற லெட்டர், சர்டிஃபிகேட்டுக்கு கன்னென், ஒரு புரோகிராம் படிச்சு எடுக்கப் போற எதுக்கும் 1. ஏன்னா பேருக்கும் வருஷக் கான்ஜிக்கும் நடுவுல இருக்கிறதை நம்பருன்னு நம்பி வெட்டி எடுக்கிற பழைய புரோகிராம் கன்னென் கான்ஜியைப் பாத்ததும் எரர் அடிச்சு நின்னுடும்.

சிஎஸ்வி (காற்புள்ளி போட்டுப் பிரிச்ச டெக்ஸ்ட் ஃபைல்) பத்தியும் சொல்லியாகணும், ஏன்னா இதுல காசு சம்பந்தப்பட்டிருக்கு. எக்செல் சிஎஸ்வியா சேவ் பண்ணும்போது உள்ள இருக்கிற நம்பரை எழுதாது, ஸ்கிரீன்ல தெரியுற மாதிரியே எழுதும். வாரெகி ஃபார்மேட்ல தெரிஞ்சா வாரெகியிலதான் போகும், வாங்கிக்கிற பேங்க் சாஃப்ட்வேரோ அக்கவுன்டிங் சாஃப்ட்வேரோ 2019/05/01ன்னு எதிர்பாத்துட்டு இருக்கும், மொத்த ஃபைலும் ரிஜெக்ட் ஆயிடும். எக்ஸ்போர்ட்டுக்குன்னு தனியா ஒரு ஷீட் வெச்சு அதுல எல்லாத் தேதியும் செய்ரெகியிலயே இருக்கட்டும்.

இன்னொண்ணு, ஹெய்சேய்ங்கிற ரெண்டு கான்ஜியையும் ஒரே கட்டத்துக்குள்ள அடுக்கின மாதிரி ஒத்தை எழுத்து ஒண்ணு இருக்கு, சின்ன ஃபார்ம்ல எடம் மிச்சம் பண்ண நிறைய பேரு அதைத்தான் போடுவாங்க. மெய்ஜி, தைஷோ, ஷோவா, ஹெய்சேய் நாலும் யூனிகோட்ல (எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் கொடுக்கிற பொது முறை) பக்கத்து பக்கத்துல உக்காந்திருக்கு, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் வேற எழுத்து வந்துட்டதுனால ரெய்வாவுக்கு அங்க எடம் இல்ல, வேற பகுதியில கடைசியா காலியா இருந்த 32எஃப்எஃப்ங்கிற எடத்தைக் கொடுத்தாங்க. அந்த ஒரு எழுத்துக்காகவே 2019 மே 7ல யூனிகோட் 12.1னு தனி வெர்ஷன் வந்துச்சு. இதைக் காட்டணும்னா ஃபான்ட் அப்டேட் ஆயிருக்கணும், இல்லைன்னா காலி டப்பா வரும். அதைவிடப் பெரிய தொல்லை, பழைய சிஸ்டம்ஸ் ஜப்பானீஸ் எழுத்தைச் சேமிக்கிற ஷிஃப்ட் ஜிஸ் என்கோடிங்ல ஹெய்சேய் ஒத்தை எழுத்து இருக்கு, ரெய்வா ஒத்தை எழுத்து இல்ல. ஸ்கிரீன்ல அழகா தெரியும், சிஎஸ்வியா ஷிஃப்ட் ஜிஸ்ல சேவ் பண்ணினா கேள்விக்குறியா போயிடும். நான் எங்க ஆபீஸ்ல அந்த ஒத்தை எழுத்தை யாரும் போடவே கூடாதுன்னு சொல்லிட்டேன், ரெண்டு கான்ஜியா பிரிச்சே எழுதுங்க, எடம் பத்தலைன்னா ஆர்னு ஒரு எழுத்து போடுங்க.

வேர்டுல பெருசா வேலை இல்ல. மெயில் மெர்ஜ்ல (ஒரே லெட்டரை லிஸ்ட்டுல இருக்கிற பல பேருக்குத் தயார் பண்றது) எக்செல்லேர்ந்து தேதியை இழுத்தா எக்செல் ஃபார்மேட் கூட வராது, மெர்ஜ் ஃபீல்டு மேல ரைட் கிளிக் பண்ணி ஃபீல்டு கோடைக் காட்டச் சொல்லி, அதுல பேக்ஸ்லாஷ், அட் குறி, அப்புறம் கோட்ஸுக்குள்ள அதே ஜி மூணு ஈ ஒண்ணு ஃபார்மேட்டைச் சேருங்க, மாசத்துக்கான எம் மட்டும் இங்க பெரிய எழுத்தா இருக்கணும். பழைய லெட்டர்ல தானா மாறுற தேதி ஃபீல்டு இருந்துச்சுன்னா மட்டும் ஜாக்கிரதை, ஹெய்சேய் 28ல அனுப்பின லெட்டரை இன்னைக்குத் திறந்தா இன்னைக்குத் தேதியோட ரெய்வான்னு வந்து நிக்கும், அதை ஆதாரமா பிரின்ட் எடுத்துக் கொடுத்தீங்கன்னா பெரிய குழப்பம் ஆயிடும்.

கோட் எழுதறவங்களுக்கு லீப் வருஷம் பத்தி ஒரு வார்த்தை. ஹெய்சேய் வருஷத்தை நாலால வகுத்தா மீதி இல்லாம வர்றது லீப் வருஷமா அமைஞ்சுபோச்சு, ஹெய்சேய் 4 வந்து 1992, ஹெய்சேய் 8 வந்து 1996. அதைப் பாத்து சில பழைய புரோகிராம்ல வாரெகி வருஷத்தையே நாலால வகுத்து எழுதிட்டாங்க, முப்பது வருஷம் ஒரு பிரச்சனையும் இல்லாம ஓடிச்சு. ரெய்வாவுல அது ஒத்துவராது, 2020ங்கிறது ரெய்வா 2, 2024ங்கிறது ரெய்வா 6, நாலால வகுத்தா ரெண்டு மிஞ்சும். ரெய்வா 4ல, அதாவது 2022ல, பிப்ரவரி 29 இருக்குன்னு அந்தப் புரோகிராம் நம்பும். ஷோவாவுலயே எண்ணிட்டு இருக்கிற இன்னும் பழைய சிஸ்டம்ஸ் உண்டு, யுகம் மாறினாலும் உள்ளுக்குள்ள ஷோவா நம்பரையே ரெண்டு இலக்கத்துல ஏத்திட்டே போகும், அந்தக் கணக்குல 2025தான் ஷோவா 100, மூணு இலக்கம் ஆயிடுச்சு. உங்க ஆபீஸ்ல அப்படி ஏதாவது இருந்தா அதுல ஒரு தேதி போட்டுப் பாத்துடுங்க.

எல்லாம் முடிச்சிட்டு டெஸ்ட் பண்றதுக்கு எந்தத் தேதி போடணும்னா, 1926 டிசம்பர் 24, 25, 1989 ஜனவரி 7, 8, 2019 ஏப்ரல் 30, மே 1, அப்புறம் 2019 டிசம்பர் 31, 2020 ஜனவரி 1, 2020 பிப்ரவரி 29. ஷோவா 1ங்கிறது 1926 டிசம்பர் 25லேர்ந்து 31 வரைக்கும் ஏழே நாள், ஷோவா 64ம் ஜனவரி 1லேர்ந்து 7 வரைக்கும் ஏழே நாள், கோட்ல இருக்கிற ஓட்டையெல்லாம் அந்த ஏழு நாள்லதான் தெரியவரும். எக்செல் 1900க்கு முந்தின தேதியைத் தேதியாவே எடுத்துக்காது, அதனால மெய்ஜி 33க்கு முன்னாடி உள்ளது டெக்ஸ்ட்டாதான் இருக்கும், அதைத் தப்புன்னு நினைச்சு நேரத்தை வீணாக்காதீங்க. கம்ப்யூட்டர் கடிகாரத்தை மாத்தி டெஸ்ட் பண்றதா இருந்தா ஆபீஸ் டொமைன்ல (சர்வர் வழியா லாகின் பண்ற நெட்வொர்க்) இருக்கிற மெஷின்ல செய்யாதீங்க, சர்வரோட நேரத்துலேர்ந்து அஞ்சு நிமிஷத்துக்கு மேல தள்ளிப்போனாலே லாகின் தகராறு பண்ணும், தனியா ஒரு வர்ச்சுவல் மெஷின் வெச்சுக்கோங்க.

பேப்பர் பக்கமும் ஒரு கண் வைங்க. முன்கூட்டியே அச்சடிச்ச ஃபார்ம், தேதி ரப்பர் ஸ்டாம்ப், கவர், எல்லாத்துலயும் ஹெய்சேய் இருக்கும். தூக்கிப்போட வேண்டியதில்ல, ஹெய்சேய் மேல ரெண்டு கோடு இழுத்துட்டுப் பக்கத்துல ரெய்வான்னு எழுதுவாங்க, தேவைப்படற பேப்பர்ல திருத்தினதுக்கு முத்திரையும் குத்துவாங்க. நிதியாண்டு ஏப்ரல்ல ஆரம்பிச்சாலும் 2019 நிதியாண்டு பட்ஜெட்டை மே 1க்கு அப்புறம் முழு வருஷத்துக்குமே ரெய்வா கன்னென் நிதியாண்டுன்னுதான் அரசாங்கம் எழுதிச்சு, ரிப்போர்ட் தலைப்புல இது உதவும்.

கடைசியா ஒரு வேலை, நான் எல்லாரையும் கெஞ்சிக் கேக்கறது இதைத்தான். 2019ல நமக்கு அவகாசம் கிடைச்சது அபூர்வம், 202 வருஷத்துல மொத முறையா பேரரசர் பதவியில இருந்து விலகினதுனால மாறப்போற தேதி முன்னாடியே தெரியும், ஏப்ரல் 1ஆம் தேதி அப்ப அமைச்சரவைத் தலைமைச் செயலரா இருந்த சுகா யோஷிஹிதே புது யுகத்தோட பேரை அறிவிச்சாரு, மாத்தறதுக்கு ஒரு முழு மாசம் இருந்துச்சு. 1989ல அப்படி இல்ல, ஜனவரி 7 காலையில பேரரசர் காலமானாரு, அன்னைக்கு மத்தியானம் அப்ப அதே பதவியில இருந்த ஒபுச்சி கெய்ஸோ புதுப் பேரு எழுதின பலகையைக் காட்டினாரு, ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஹெய்சேய் வந்துடுச்சு. இங்க ஆபீஸ்ல அடுத்த யுகம் எப்ப வரும்ங்கிறதைப் பத்தி யாரும் வாய்விட்டுப் பேச மாட்டாங்க, பேசறது மரியாதையும் இல்ல, நீங்களும் மீட்டிங்ல எடுக்காதீங்க. ஆனா வேலையை அமைதியா செஞ்சு வெச்சிடலாம். ஒரு பொது ஷீட்டுல மூணு நெடுவரிசை போடுங்க: யுகம் ஆரம்பிச்ச தேதி, யுகத்தோட பேரு, கழிக்க வேண்டிய நம்பர். தேதி வரிசையா மேலேர்ந்து கீழ, கடைசி வரி 2019/5/1, ரெய்வா, 2018. விஎல்லுக்கப்ங்கிற தேடற ஃபார்முலாவுல சரியான பொருத்தம் கேக்காம கிட்டத்தட்டப் பொருத்தம் கேட்டா எந்தத் தேதிக்கும் அதோட யுகத்தை எடுத்துக் கொடுத்துடும், ஜி ஃபார்மேட் போட முடியாத எல்லா எடத்துலயும், லேபிள் பிரின்டர் பிசி உள்பட, இந்த ஷீட்டைத்தான் படிக்கணும். எங்க ஆபீஸ்ல 2019 வரிக்குக் கீழ ஒரு வரி காலியா விட்டு, லுக்கப் ரேஞ்ச்ல அதையும் சேத்தே வெச்சிருக்கேன், வேண்டிய அன்னைக்கு அந்த மூணு செல்லை மட்டும் நிரப்பினா போதும்.